மாமன் கொண்டுவந்த டிபன் பாக்ஸ்

பந்தியில் உட்கார்ந்ததும் ஈஸ்வரமூர்த்தி பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொள்வார். எந்த ஊர் மண்டபமானாலும் இதில் மாற்றம் கிடையாது. நாற்காலியை முன்னால் இழுப்பார், சட்டையை லேசாகத் தூக்குவார், ஒரு துளை. அதற்குப் பிறகுதான் இலையில் தண்ணீர் தெளிப்பார். பல வருடங்களாகச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைக் கவனித்திருந்தார்கள்.

"மாமன் பெல்ட்டக் கழட்டிப்போட்டாருங்கோ! சோத்து பக்கெட்டு மொதல்ல இங்க வரட்டும்!" என்று எவனாவது இளவட்டம் கத்துவான். பந்தியே சிரிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது ஈஸ்வரமூர்த்தியாகத்தான் இருக்கும். அவர் இரண்டாம் தரம் ரசம் வாங்கினால், விசேஷக்காரர் சமையல்காரரை நிம்மதியாகப் பார்ப்பார்.

துடியலூரில் இருந்தார். மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. மனைவி கோகிலவாணி இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் கிருபாசங்கர் புனேயில் வேலை பார்த்தான். வாரத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு, "சாப்டீங்களாப்பா?" என்று கேட்பான். "ஆச்சு சாமி," என்பார் இவர். அத்தோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும்.

அவர் சாப்பிடாமல் ஒன்றும் இல்லை. காலையில் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும், மதியம் மெஸ்ஸில் அளவில்லாச் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி பேக்கரியில் பப்ஸ், ராத்திரிக்குப் பரோட்டா. அது போக டிவி முன்னால் ஒரு மிக்ஸர் பொட்டலம். வயிறு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. வீடுதான் காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. வண்டியை எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூருக்குப் போய்விடுவார். அங்கே தங்கை சாமியாத்தாள், அவள் கணவர் அப்புசாமி, அவர்கள் மகள் சண்முகப்பிரியா. தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. அவர் வண்டிச் சத்தம் கேட்டதுமே சாமியாத்தாள் உலையில் இன்னொரு படி அரிசி போடுவாள். அரிசிம்பருப்புச் சோறு, அதன் தலையில் குழி பறித்து நெய், நாட்டுக்கோழிக் குழம்பு, தட்டின் ஓரத்தில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம்.

"என்னுங்கண்ணா, ரெண்டு கரண்டிக்கே கைய மடக்கறீங்க? விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்ட உக்காந்திருக்கறீங்களே."

"போதும் அம்மணி. வண்டி ஓட்டோணுமில்ல?"

"வண்டியா திங்குது? நீங்கதான திங்கறீங்க. புடிங்க."

அவர் வருகிறார் என்பதற்காக அரிசி கூடுதலாக விழுகிற அடுப்பு உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே முகம் தெளிந்துவிடுவதைக் கம்பெனியில் உடன் வேலை பார்க்கும் வெங்கடபதி பார்த்திருக்கிறார்.

ஸ்டோரில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுக்க ஏணியில் ஏறியவர் பாதியில் நின்றுவிட்டதுதான் ஆரம்பம். மூச்சு வாங்கியது. முழங்கால் மடங்க மறுத்தது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவரை வெங்கடபதியும் இன்னொருவரும் சேர்ந்து இறக்கினார்கள். அடுத்த வாரம் கம்பெனிக்கு வந்த மருத்துவ முகாமில் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். எடையைக் குறைக்காவிட்டால் முழங்கால் போய்விடும் என்றார்கள். பிரீத்திகா என்று ஒரு சின்னப் பெண், உணவு ஆலோசகர், அவரை உட்கார வைத்துப் பேசினாள்.

"சோற விடச் சொல்லலீங்க அங்கிள். தட்டுல அதோட எடத்தத்தான் மாத்தச் சொல்றேன். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பயறோ, முட்டையோ, மீனோ. மிச்சம் இருக்கற காலுதான் சோறு. சாப்ட்டதும் உக்காராம கொஞ்சம் நடங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று ஈஸ்வரமூர்த்திக்குத் தோன்றியது. அரிசியை ஒரேயடியாக விட்டுவிட்டு ராகிக் களிக்கு மாறினார். களி என்றால் கவலை இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த முறை பார்த்தபோது சர்க்கரை ஒரு இம்மியும் இறங்கியிருக்கவில்லை. எவ்வளவு களி என்று பிரீத்திகா கேட்டாள். அவர் இரண்டு கையையும் குவித்துக் காட்டினார்.

"அங்கிள், அது களி உருண்டையா, ஷாட் புட் குண்டா? ராகியும் மாவுச்சத்துதானுங்க. நல்லது, ஆனா அளவா சாப்ட்டாத்தான் நல்லது."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்குத்தான் உண்மையாகவே ஆரம்பித்தார் என்று சொல்ல வேண்டும். கோகிலவாணி போன பிறகு பூட்டிக் கிடந்த மாதிரி இருந்த சமையல்கட்டில் மறுபடி சத்தம் கேட்டது. கொள்ளு ஊற வைத்தார். தட்டைப்பயறு வேக வைத்தார். முருங்கைக்கீரையை உருவப் பழகினார். முதலில் பாதிக் காம்பும் கூடவே வெந்தது. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றினார். மென்று சாப்பிட்டால் கொஞ்சத்திலேயே நிறைகிறது என்பது இத்தனை வயதுக்கு மேல் தெரியவந்தது. காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டு இரைச்சலைத் தாண்டி உள்வீதிகளில் நடந்தார். நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு பழகிவிட்டன. உடம்பு மெல்ல இறங்கியது. ஏணியில் ஏறி இறங்கியபோது வெங்கடபதி கைதட்டினார்.

"ஈஸ்வரா, பொண்ணு கிண்ணு பாக்கறியா ஏனு? இப்புடி எளைக்கற?"

"ஏணிதானய்யா எனக்குப் பொண்டாட்டி. அவ கைவிட்டுட்டா நா எங்க போறது?"

சிரித்துவிட்டாரே தவிர, உள்ளே ஒரு பயம் இருந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வெளியே நல்ல மழை. பேசுவதற்கு ஆள் இல்லை. கடையிலிருந்து ஒரு மிக்ஸர் பொட்டலம் வாங்கி வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தபோது பொட்டலம் காலி. பசியே இல்லை. எதற்குத் தின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு வாய் இளகினால் எல்லாமே இளகிவிடும் என்று அன்று முடிவு கட்டினார். விசேஷத்தில் கொஞ்சம் சாப்பிடலாம், தப்பில்லை என்று பிரீத்திகா சொல்லியிருந்தாள். கொஞ்சம் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு அது சரி. நமக்குத் தெரியாதே என்று அவர் அதை ஒதுக்கினார். தனியாக இருக்கிற மனிதனுக்குக் கட்டுப்பாடும் ஒரு துணை மாதிரிதானோ என்னவோ. வீட்டுக்குள் நுழைந்ததும் செய்வதற்கு ஒரு வேலை, மீறாமல் காப்பாற்ற ஒரு வாக்கு.

தொண்டாமுத்தூரில்தான் கஷ்டம். முதல் ஞாயிறு அவர் சோற்றை ஒதுக்கியபோது வயிறு சரியில்லை என்று நினைத்துச் சாமியாத்தாள் இஞ்சி தட்டிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு நெய்க் கிண்ணத்தை அவரே தள்ளி வைத்தார். அதற்கும் அடுத்த முறை, "எங்கைல செய்யறது இப்பெல்லாம் நல்லா இல்லீங்களா?" என்று கேட்டாள். அவர் இன்சுலின், மாவுச்சத்து என்று விளக்கினார். அவள் தலையாட்டிக்கொண்டே பாத்திரத்தை மூடினாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவரைத் தனியாக அழைத்துப் போய், "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் பெருசாங்க? இப்புடி எளச்சுப் போயிட்டீங்களே," என்று கேட்டார். இழுபறிக்குப் பயந்து அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் போய்த் தலையைக் காட்ட ஆரம்பித்தார். உலையில் ஏறிய கூடுதல் அரிசி எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சண்முகப்பிரியாவுக்கு வரன் வந்தது. அன்னூர்ப் பக்கம், நல்ல குடும்பம், பையன் இன்ஜினியர். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் பேச வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடியும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், அதற்கு மேல் இல்லை. இரண்டு பக்கமும் சம்மதம் என்றான பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாடுதான் வாக்கு. பெண்ணின் தாய்மாமன் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால், பெண்ணின் மேல் உரிமை உள்ளவனும் மனசார ஒத்துக்கொண்டான் என்று பொருள். தாய்மாமனுக்கு முறையுள்ள மகன் இருந்தால், அந்த மாமனின் கை நனைகிறதா என்பதை எல்லோரும் ஒரு கண்ணால் பார்ப்பார்கள்.

ஈஸ்வரமூர்த்திக்கு இது தெரியாதது அல்ல. எத்தனையோ நிச்சயத்தில் அவரே கவனித்துச் சொன்னவர். ஆனால் பேச்சுக்கு அவர்கள் வருகிற அன்று காலை எழுந்ததும் அவர் மனதில் ஓடியதெல்லாம் ஒப்பிட்டு என்கிற இனிப்புப் போளி, கேசரி, வடை, நெய் இதுதான். இவற்றிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று யோசித்தார். சாமைச் சோறு, கொள்ளுக் கடைசல், பீன்ஸ் பொரியல் எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் அடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. முகூர்த்த மாதம்கூடப் பேசிவிட்டார்கள். இலை போட்டார்கள். முதல் இலையில் ஈஸ்வரமூர்த்தி, பக்கத்தில் பையனின் அப்பாவான அன்னூர்க்காரர். சாமியாத்தாள் பட்டுச்சேலையோடு ஒப்பிட்டுத் தட்டை ஏந்தி வந்தாள். அவள் குனிவதற்குள் அவர் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து இலைமேல் வைத்தார்.

"எனக்கு வெக்காத அம்மணி. நா கொண்டாந்துட்டேன்."

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாளைக்கு..."

"அட, சொன்னாக் கேளு. ஒண்ணு தின்னா ஒம்பது திம்பேன்."

அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அவர் மூடியைத் திறந்தார். அன்னூர்க்காரர் ஒப்பிட்டைப் பிய்த்த கை அப்படியே நின்றது. ஆர்வமாகப் பார்க்கிறார் என்று நினைத்து, கொள்ளில் எவ்வளவு நார்ச்சத்து இருக்கிறது என்று ஈஸ்வரமூர்த்தி அவருக்கு விளக்கினார். அவர், "அப்படீங்களா, அப்படீங்களா," என்று கேட்டுக்கொண்டார். கொங்குநாட்டில் கோபத்தைக்கூட 'ங்க' போட்டுத்தான் காட்டுவார்கள். சாமியாத்தாள் உள்ளே போனவள் திரும்பிப் பரிமாற வரவில்லை. அப்புசாமிதான் வந்து மிச்சத்தைப் பரிமாறினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சண்முகப்பிரியா சரவணம்பட்டியில் ஆபீஸ் முடிந்து நேராகத் துடியலூர் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"மாமா, உங்களுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலீங்களா?"

"என்ன கண்ணு இப்புடிக் கேக்கற? தங்கமான பையன்."

"அப்பறம் ஏனுங்க கை நனைக்கல? அவங்க ஊட்ல சொல்லியுட்டுட்டாங்க. மாமனுக்கு மனசில்லாத எடத்துல பொண்ணு எடுக்க மாட்டமுன்னு. உங்க சங்கருக்குக் கேட்டு நாங்க குடுக்காததுனால நீங்க வன்மம் வெச்சிருக்கறீங்கன்னு பேச்சாயிருச்சு."

ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்கு நடுவில், "நம்ம சங்கருக்கே பிரியாவக் கட்டிப்போட்டா என்ன?" என்று கேட்டிருந்தார். சொந்தத்தில் வேண்டாமென்று டாக்டர்கள் சொல்கிறார்களே என்றாள் சாமியாத்தாள். அவரும் ஆமாம் அம்மணி என்று சிரித்து, கோழிக் குழம்புக்குத் தட்டை நீட்டினார். அத்தோடு முடிந்தது.

முடிந்ததா? பிரியா போன பிறகு அவர் தன்னையே கேட்டுப் பார்த்தார். வன்மம் இல்லை, அது சத்தியம். ஆனால் அன்று வீடு திரும்பியபோது ஒரு கனம் இருந்தது நினைவுக்கு வந்தது. மருமகளாகப் பிரியா வந்தால் இந்த வீட்டில் ஒரு குரல் கேட்குமே என்று கணக்குப் போட்டவர்தானே. டிபன் பாக்ஸை எடுத்த கையில் அந்தக் கனம் கொஞ்சமும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் கேட்காமல் அன்னூருக்குப் போனார். பழத்தட்டோடு வாசலில் நின்றவரை அன்னூர்க்காரர் வாங்க என்றார், உட்காருங்க என்றார், பழத்தட்டுக்குக் கை நீட்டவில்லை.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லோணுமுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "எனக்குச் சக்கரைங்க. தனியா இருக்கறவன். கட்டுத் தளந்தா மறுபடி புடிக்க ஆளில்லீங்க. அன்னிக்குப் பயந்துக்கிட்டுத்தானுங்க அப்புடிப் பண்ணிப்போட்டேன். பிள்ளைய உங்க ஊட்டுக்கு அனுப்பறதுல எனக்கு எந்தக் கொறையும் இல்லீங்க. இப்பப் பசியோட வந்திருக்கறேன். சோறு போடுங்க."

அன்னூர்க்காரர் கை நீட்டிப் பழத்தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, "ஏப்புள்ள, எல போடு!" என்றார்.

வைத்ததையெல்லாம் ஈஸ்வரமூர்த்தி சாப்பிட்டார். கோழி, முட்டை, நெய் விட்ட சோறு, கடைசியில் கச்சாயம். பையனின் அம்மா இரண்டாவது கச்சாயத்தை வைத்தபோது வேண்டாம் என்று அவர் கையைக் குறுக்கே நீட்டவில்லை. "இப்பத்தானுங்க மனசு நெறஞ்சுது," என்றார் அன்னூர்க்காரர். திரும்பும் வழியில் வயிறு பிசைந்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் நின்றார். வலித்தாலும் மனம் லேசாக இருந்தது. தங்கைக்காக ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் போன் போட்டது சாமியாத்தாள்தான்.

"அங்க ரெண்டு கச்சாயம் தின்னீங்களாமா?"

"ஆமா அம்மணி. எல்லாஞ் சரியாப் போச்சு. இனிக் கவலைய உடு."

அந்தப் பக்கம் எதையோ மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"சந்தோசமுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை மட்டும் பார்த்தவர் வீட்டில் இரண்டாம் தரம் வாங்கித் தின்றவன், கூடப்பிறந்தவள் ஏந்தி வந்த தட்டைத் தட்டிவிட்டான். கல்யாணத்தைச் சரிசெய்யப் போன காரியமே அவள் காயத்தை ஆழமாக்கிவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய முறை ஒன்றையும் அவர் விடவில்லை. மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, அளவாக, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். கொஞ்சம் சாப்பிடவும் தன்னால் முடியும் என்று அன்று தெரிந்தது. இதைக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். மண்டபத்தில் பரிமாறியது சமையல்காரரின் ஆட்கள். சாமியாத்தாள் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

கல்யாணக் களைப்பெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவர் போன் செய்தார்.

"நாளைக்கு வரட்டுமா அம்மணி?"

"வாங்கண்ணா. இதுக்கெல்லாம் கேக்கோணுங்களா?" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. "சாப்ட்டுப்போட்டு வாங்க. இங்க செய்யறது உங்களுக்கு ஒத்துக்காதுங்க."

அந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. வழியில் போகிற தபால்காரரைக்கூடச் சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று கூப்பிடுகிற வீடு.

அவர் சாப்பிடாமல்தான் போனார். வேண்டுமென்றே வெறும் வயிற்றோடு, உச்சி வெயிலில், உலை கொதிக்கும் நேரம் பார்த்துப் போனார். அப்புசாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முந்தின வாரம் யானை வந்து மூன்று தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனதைக் காட்டத் தோப்புக்குள் அழைத்துப் போனார். யானை எந்தப் பக்கமாக வந்தது, வேலியை எப்படி மிதித்தது என்று வெகுநேரம் பேசினார். ஈஸ்வரமூர்த்தி கேட்டுக்கொண்டே நடந்தார். வீட்டுப் பக்கமிருந்து அரிசிம்பருப்புத் தாளிக்கும் வாசம் வந்தது.

திரும்பி வந்தபோது சாமியாத்தாள் ஒரு டம்ளரை நீட்டினாள். நீர்மோர்.

"உப்புப் போடலீங்க. உப்பும் கொறைக்கச் சொல்லியிருப்பாங்களே."

"நல்லாருக்குது அம்மணி."

அவள் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மகள் கல்யாணமாகிப் போய்விட்ட இந்த வீட்டில் அவளுக்கும் பேச ஆளில்லை என்று அவர் அப்போதுதான் பார்த்தார். சோறு போடு சாமியாத்தா என்று ஒரு வார்த்தை. அன்னூரில், அதற்குமுன் ஒருமுறை மட்டும் பார்த்த மனிதரிடம் எளிதாக வந்த வார்த்தை. இங்கே நாக்கு வரை வந்து நின்றது. பிறந்ததிலிருந்து இந்தக் கையிடம் அவர் கேட்டு வாங்கியதே இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று மறுத்துத்தான் வாங்கியிருக்கிறார். கேட்கத் தெரியவில்லை. அவள் இன்னொரு முறை வற்புறுத்துவாள் என்று காத்திருந்தார். அவர் வாய் திறந்து கேட்பார் என்று அவளும் காத்திருந்தாளோ, என்னவோ.

"வாரேன் அம்மணி," என்றார்.

"போயிட்டு வாங்கண்ணா. வண்டியப் பாத்து ஓட்டுங்க."

சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால் வலி இல்லை. காலையில் துடியலூர் வீதிகளில் அவர் நடக்கும் வேகத்துக்கு இளவட்டங்களால்கூட ஈடுகொடுக்க முடியாது. தட்டில் பாதி காய், கால் பயறு, கால் சோறு. எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறையாவது தொண்டாமுத்தூர் போகிறார். மோர் குடிக்கிறார், அப்புசாமியோடு தோப்பைச் சுற்றுகிறார், திரும்புகிறார். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அடுத்த முறை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். தங்கை கையால் அன்று சாப்பிட்டிருக்க வேண்டிய ஒருவேளைச் சோறு அந்த வீட்டில் அவர் பேரில் இன்னும் பாக்கி நிற்கிறது.